பாரிஸ்–லண்டன்: நான் போட்ட ஒரு டிக்கெட்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வந்தேன். சால்வை போட்டார்கள். தஞ்சாவூர் வெயிலில் சால்வையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதுகூடப் பரவாயில்லை. உங்களில் ஒருவர் சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். பாரிஸிலிருந்து லண்டனுக்கு எப்படிப் போகலாம் என்று தலைப்பு. நாலு கட்டம்: விமானம், ரயில், பஸ், கார். ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு. விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நட்சத்திரம். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தலைவலி எதுவும் இல்லை. அதே கட்டத்தை நானும் ஒரு நாள் போட்டிருக்கிறேன், பழைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பேனாவால். அதனால் ஒரு மனிதருக்கு என்ன ஆனது என்பதை உங்கள் முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன். படித்தால் படியுங்கள்.

முப்பத்தோரு வருஷம் டிராவல்ஸ் கவுண்டரில் உட்கார்ந்தேன். பாரிஸையும் பார்த்ததில்லை, லண்டனையும் பார்த்ததில்லை. நான் ஏறிய ஒரே விமானம் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போனது. அதிலும் பாதி வழி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் உலகத்தில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போவது என்று கேட்டாலும் பதில் சொன்னேன். யாரும் "நீ போயிருக்கியா?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லது.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்போது குறைந்திருக்கலாம், அப்போது நிறைய. வெளிநாட்டில் இருபது வருஷம் இருப்பார்கள். அந்த ஊர்ப் பாஷை பேசுவார்கள், வீடு வாங்கியிருப்பார்கள். ஆனால் டிக்கெட் மட்டும் இங்கேயிருந்துதான் போட வேண்டும். துபாயிலிருந்து மஸ்கட் போவதற்குத் தஞ்சாவூருக்கு போன் வரும். முகம் தெரிந்தவள் போட்டால்தான் சீட்டு சரியாக இருக்கும் என்று நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் சோறு சாப்பிட்டோம்.

அப்படி நம்பியவர்களில் ஒருவர் அதிராம்பட்டினத்துக்காரர். பெயரை எழுத மாட்டேன். நான் பாய் என்று கூப்பிடுவேன், அவர் தங்கச்சி என்பார். காரைக்காலில் பெண் எடுத்தவர். பெண் வீட்டாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, அவருக்கும் கிடைத்தது. பாரிஸில் ஒரு கிடங்கில் வேலை. அவருக்கு ஒரே தம்பி. தம்பி லண்டனில் கடை வைத்திருந்தார். இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் நிலம். வேறு என்ன இருக்கப் போகிறது இந்த ஜில்லாவில்? நில உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்தில், அதிகமாக வைத்திருந்தவர்கள் எல்லாம் அரசாங்கத்தை ஏமாற்றக் கிடைத்த பெயரில் எல்லாம் எழுதி வைத்தார்கள். மச்சான் பெயரில், சமையல்காரர் பெயரில், வண்டிக்காரர் பெயரில். உழுதவனுக்கு நிலம் என்று மேடையில் பேசியவர்களின் வீட்டிலேயே இது நடந்தது. சட்டம் போட்டவர்களுக்கும் தெரியும், அவர்களை எதிர்த்தவர்களுக்கும் தெரியும். பாயின் அத்தா, வாய்க்காலை ஒட்டி இருந்த நல்ல வயலைச் சின்ன மகன் பெயருக்கு எழுதினார். பெரிய மகனான பாய் அப்போதே கடல் கடந்து போயிருந்தார், கையெழுத்துக்கு ஆள் இல்லை. "இது சும்மா பேருக்குத்தான். உன் பங்கு உனக்கு" என்று பெரியவரிடம் வாயால் சொன்னார். பிறகு மௌத்தாகிவிட்டார்; வாய்ச் சொல்லும் அவரோடு போனது. தம்பி பத்திரத்தைக் காட்டினார். அண்ணன் கோர்ட்டுக்குப் போனார். தாசில்தாரை ஏமாற்ற எழுதிய காகிதம் கடைசியில் கூடப் பிறந்தவனை ஏமாற்றியது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்றைக்குக் கடையடைப்பு. காவிரியில் தண்ணீர் வரவில்லை, குறுவை போச்சு என்று எல்லாக் கட்சியும் சேர்ந்து அடைக்கச் சொன்னது. எங்கள் முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில் அவர் நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கும் தலைவர் படம் மாறிவிடும். ஆணி மட்டும் அதே ஆணி.

காலை பதினோரு மணிக்கு போன் வந்தது. பாரிஸில் அப்போது ஏழரை.

"தங்கச்சி, நான்தான் பேசுறேன்."

"சொல்லுங்க பாய். ஊருக்கு வர்றீங்களா?"

"தம்பி மௌத்தாயிட்டான்மா."

"எப்ப பாய்?" என்றேன்.

"முந்தாநாளாம். எனக்கு இப்பத்தான் தெரியும். லண்டன்லேர்ந்து ஊருக்குச் சொல்லியிருக்காங்க. ஊர்லேர்ந்து மாமா மகன் எனக்குச் சொல்றான். இன்னிக்கு லுஹர் தொழுகை முடிஞ்சு அடக்கம். லண்டன் நேரம் ஒன்றரைக்கு. ரயிலா, பிளேனா, எதுல போனா சீக்கிரம் போவேன்? நீயே பாத்துச் சொல்லு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"இருங்க பாய், பாக்குறேன்."

"மய்யித்தை எடுக்கறதுக்கு முந்தி நான் அங்கே நிக்கணும் தங்கச்சி. சபையில ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான். அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்."

அந்த ஒரு வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும். அதிராம்பட்டினத்து ஆட்களோடு பழகியவர்களுக்கு எல்லாம் தெரியும். உடலை வைத்துத் தொழும் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் வீட்டார் ஒருவர் எழுந்து, இறந்தவர் மேல் யாருக்காவது ஏதாவது கடனோ பாத்தியதையோ இருந்தால் இப்போதே சொல்லுங்கள், இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார். அந்த நேரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி, என் தம்பி மேல் எனக்கு ஒரு பாத்தியதையும் இல்லை, பொறுத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷச் சண்டையை அந்த ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். அந்த நிமிடம் போனால் திரும்ப வராது.

நான் பேனாவை எடுத்துக் கட்டம் போட்டேன். பஸ், கப்பலில் ஏற்றிக் கடலைத் தாண்டிப் போவது, எட்டு ஒன்பது மணி நேரம். அடித்துவிட்டேன். கார் அதே கதை. மிச்சம் இரண்டு. மேஜை இழுப்பறையில் ஐரோப்பிய ரயில் அட்டவணைப் புத்தகம் ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பாரிஸில் ஒன்பது மணி வாக்கில் ஒரு ரயில். கடலுக்கு அடியில் போய் லண்டன் ஊருக்கு நடுவிலேயே இறங்கலாம். பயணம் மூன்று மணி நேரம். லண்டன் கடிகாரம் ஒரு மணி பின்னால் ஓடுவதால் அங்கே பதினொன்று பத்துக்குப் போய்விடும். கம்ப்யூட்டரில் விமானத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பதுக்குக் கிளம்பி, லண்டன் நேரம் பதினொன்று ஐந்துக்கு இறங்குகிறது. காகிதத்தில் விமானம் ஐந்து நிமிடம் முந்தியது. ஐந்து நிமிடம்!

எனக்குள் ஏதோ ஒன்று ரயில் என்றுதான் சொன்னது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, அசிங்கமாக இருப்பதால் சொல்கிறேன். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு முதலாளியிடம் சொன்னேன்: "ரயில் ஒண்ணு இருக்குங்க. அது நேரா ஊருக்குள்ளேயே போகுது."

"அதை நாம போட முடியுமா?"

"முடியாது. அவர் ஸ்டேஷன்ல போய் வாங்கணும்."

"ஏம்மா, நீ ரயில்வேலயா வேலை பாக்குறே? நம்மகிட்ட இல்லாத சரக்கை ஏன் சொல்றே? ஃப்ளைட்டைப் போடு. சீக்கிரம் போடு, ஊர்வலம் கீழவாசல் தாண்டிடுச்சாம். கல்லு வந்து விழும்."

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். லண்டனின் பெரிய விமான நிலையத்துக்குப் போகும் விமானத்தில் காலையில் இடம் இல்லை. இந்தப் பத்து ஐம்பது விமானம் இறங்குவது வேறு ஒன்றில். பெயரில் லண்டன் என்று இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். திருச்சி விமான நிலையத்துக்குத் தஞ்சாவூர் என்று பெயர் வைத்தால் அது பெரிய கோவில் வாசலில் வந்து இறங்குமா? என் சொந்த ஊரில் தெரிகிற புத்தி அடுத்தவர் ஊரில் எனக்கு வேலை செய்யவில்லை.

"பாய், விமானம்தான் சீக்கிரம். பத்து ஐம்பதுக்கு. பதினொன்று அஞ்சுக்கு லண்டன்ல இருப்பீங்க."

"ரயில் வேணாமா?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டார். மறக்கக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

"விமானமே போங்க பாய்" என்றேன்.

"நீ சொன்னா சரி."

டிக்கெட் நம்பரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். முதலாளி ஷட்டரை முழுக்க இறக்கினார். வெளியே ஊர்வலம் போனது. தண்ணீர் கொடு, தண்ணீர் கொடு என்று சத்தம். இருட்டில் உட்கார்ந்து நான் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த நினைப்பு எனக்கு.

விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். லண்டனில் இறங்கிப் பாஸ்போர்ட் வரிசையில் நின்று வெளியே வந்து, ஊர் எங்கே என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும் என்றார்களாம். பள்ளிவாசலுக்குப் போனபோது மணி மூன்று. தொழுகை முடிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே அடக்கம் செய்யும் கபர்ஸ்தானில்கூட நேரம் எழுதி வாங்க வேண்டும். அண்ணன் வருகிறார் என்று யாருக்குத் தெரியும், தெரிந்தாலும் யார் நிறுத்தி வைப்பார்கள்? அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாயிற்று. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மண்வெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் மட்டும் இருந்தார்களாம். தம்பி வீட்டுக்குப் போக முகம் இல்லாமல் அப்படியே திரும்பிவிட்டாராம்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. அஞ்சு மாதம் கழித்து அவரே வந்து சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கவுண்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பாதியாக இளைத்திருந்தார். நடந்ததைச் சொன்னார். திட்டப் போகிறார் என்று நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். திட்டவில்லை.

"அங்கே நின்னு சொன்னேன் தங்கச்சி. பொறுத்துக்கிட்டேன்டா தம்பின்னு. யாரு கேக்குறா? வேன்காரங்களுக்குத் தமிழ் தெரியாது."

"கேஸை வாபஸ் வாங்கிட்டீங்கன்னா போதுமே பாய்?"

"வாங்குறேன்னுதான் சொல்றேன். விடுதலைப் பத்திரம் எழுதித் தர்றேன், உங்க பேர்லயே இருக்கட்டும்னு தம்பி பிள்ளைங்ககிட்ட சொன்னேன். நம்ப மாட்டேங்குறாங்க. அதுல என்ன சூது வச்சிருக்கானோன்னு கேக்குறாங்க. தம்பி பெண்டாட்டி சொல்லுதாம், மய்யித்துக்கு வராதவன் பத்திரத்துக்கு ஏன் வர்றான்னு. பட்டுக்கோட்டையிலேர்ந்து தஞ்சாவூர் போற மாதிரித் தூரம், வரணும்னு நெனச்சிருந்தா நடந்தே வந்திருப்பான்னு."

வயல் சும்மா கிடக்கிறது என்றார். வழக்கில் இருக்கிற நிலத்தில் இறங்க எந்தக் குத்தகைக்காரரும் தயாராக இல்லை. குறுவை போன பிறகு சம்பாவுக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தும் நாற்று விடவில்லை. மறுநாள் ஊரில் ஜமாத் பெரியவர்கள் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசப் போகிறார்களாம். அதற்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

"நான் வரத்தான் கிளம்புனேன்னு ஒரு காகிதம் குடு. சீக்கிரம் போக என்ன வழின்னு கேட்டேன், ரயில் இருந்துச்சு, நீங்கதான் பிளேனைச் சொன்னீங்க, அதனால தாமதமாச்சுன்னு எழுதிக் குடு. உன் கையெழுத்து போதும்."

நியாயமான கோரிக்கை. நடந்ததை எழுதச் சொல்கிறார், வேறு எதுவும் இல்லை. லெட்டர்ஹெட்டை எடுத்துப் பாதி எழுதினேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் உள்ள வா" என்றார்.

"என்ன எழுதுறே?"

"நடந்ததைங்க."

"நம்ம தப்புன்னு நம்ம லெட்டர்ஹெட்ல நாமளே எழுதுறதா? நாளைக்கு இதை எடுத்துட்டு வக்கீல்கிட்ட போனா? அதிராம்பட்டினம் பூரா நம்ம கஸ்டமர். டிக்கெட் போட்ட தேதி, நேரம் மட்டும் போட்டுக் குடு. மீதி எதுக்கு? உனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கில்ல?"

எனக்கு ரெண்டு பிள்ளைகள் இருந்தன. வேறு ஆபீசில் என்னை எடுப்பார்களா என்று தெரியாது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். இன்னார் பெயரில், இன்ன தேதியில், இந்திய நேரம் பதினொன்று இருபதுக்கு, பாரிஸ் லண்டன் விமான டிக்கெட் எங்களால் வழங்கப்பட்டது. சீல் வைத்தேன். சீல் மட்டும் நன்றாக விழுந்தது.

பாய் வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இதுல நேரம் மட்டும்தானே இருக்கு?"

"அவ்வளவுதான் பாய் குடுக்க முடியும். ஆபீஸ் ரூல்ஸ்."

அப்படி ஒரு ரூலே கிடையாது. அவர் என்னைப் பார்த்தார், உள்ளே இருந்த முதலாளியைப் பார்த்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் காகிதம் என்ன செய்யும் என்று எனக்கு அப்போதே தெரியும். டிக்கெட் யார் வேண்டுமானாலும் போடலாம், ஏறாமலும் இருக்கலாம் என்பார்கள். பிறகு கேள்விப்பட்டேன், அதையேதான் சொன்னார்களாம். பேச்சு முறிந்தது. வழக்கு நடந்தது. அவர் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. கொடுக்க நினைத்ததைக் கொடுக்கவும் முடியாமல் பாரிஸிலேயே மௌத்தானார்.

இங்கே நிறுத்தினால் என்னை முதலாளிக்குப் பயந்த பாவப்பட்டவள் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்ட பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. "வர்ற வெள்ளிக்கிழமை நான் பாரிஸுக்குத் திரும்பணும். அந்த டிக்கெட்டையும் நீயே போட்டுடு தங்கச்சி" என்றார்.

வேறு ஆபீசுக்குப் போங்கள் பாய் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை, போட ஆரம்பித்தேன். இரண்டு விமானம் இருந்தது, ஒன்று அங்கே விடியற்காலையில் இறங்குவது, இன்னொன்று ராத்திரியில். எது வசதி என்று தெரிந்துகொள்ள, பட்டுக்கோட்டைக்காரரிடமும் பாபநாசத்துக்காரரிடமும் தினமும் கேட்கிற கேள்வியை அவரிடம் முதல் தடவையாகக் கேட்டேன்.

"இறங்கி வீட்டுக்கு எப்படிப் போவீங்க பாய்? வீடு எந்தப் பக்கம்?"

"அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. லண்டன் ரயில் கிளம்புது பாரு, அந்த ரயிலடிக்குப் பின் தெரு. நம்ம ஆளுங்க கடையெல்லாம் அங்கேதான். வீட்லேர்ந்து நடந்தா பத்து நிமிஷம்."

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"அன்னிக்கு ஏன் பாய் இதைச் சொல்லல?"

கோபமே இல்லை அவர் முகத்தில்.

"நீ கேக்கலையேம்மா. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

டிக்கெட்டை அச்சடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, வர்றேன் தங்கச்சி என்று சொல்லிவிட்டு எழுந்தார். கதவு வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தார். இருங்க பாய், அந்தக் கடிதத்தைக் குடுங்க, வேற எழுதித் தர்றேன் என்று கூப்பிட எனக்கு நேரம் இருந்தது. முதலாளி கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.